மூன்று மணி ரீடிங்கை யார் எடுத்தது?

கேள்வி: மாத்திரை கம்பெனியில் கம்ப்ரஷன் (தூளை மாத்திரையாக அழுத்தும்) பிரிவில் ஷிஃப்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். நைட் முடிந்து வந்ததும் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டு, மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். விடியற்காலை மூன்று மணி வாக்கில் மெஷின் பக்கத்திலேயே அசந்துவிடுகிறேன். விட்டுப்போன மாத்திரை எடை ரீடிங்கை ஷிஃப்ட் முடியும்போது சேர்த்து எழுதிவிடுவதால் வேலையில் பிரச்சினை இல்லை. ஆனால் வீட்டில் எரிந்து விழுகிறேன், மனைவி அழுகிறாள். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, "வேலையில் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் அசந்தீர்கள், மெஷின் அசரவில்லை. மணிக்கு ஒரு லட்சம் அடிக்கும் மெஷின் என்றால் அரை மணியில் ஐம்பதாயிரம் மாத்திரை டிரம்மில் விழுந்திருக்கும். மெஷினின் மேலுள்ள ஹாப்பர் தொட்டியில் கிரானுல்ஸ் (மருந்துக் குருணை) மட்டம் இறங்கினால், மாத்திரையின் அச்சான டை நிரம்புவது மாறி எடை குறையும். அதிர்வில் நைஸ் பவுடர் தனியாகப் பிரிந்தால் எடை சரியாக இருந்தும் மருந்தின் அளவு மாத்திரைக்கு மாத்திரை மாறும். அறையில் ஈரப்பதம் ஏறினால் மாத்திரையை அழுத்தும் பஞ்ச் முனையில் தூள் ஒட்டும், மாத்திரையின் முகத்தில் குழி விழும். இதில் எடைக் கோளாறை அங்கேயே பிடிக்கத்தான் 20 மாத்திரையை எடுத்து ஒவ்வொன்றாக எடை போடச் சொல்கிறார்கள். 200 மில்லிகிராம் மாத்திரை என்றால் சராசரியிலிருந்து 7.5 சதவீதம், அதாவது 15 மில்லிகிராம்தான் விலகலாம். அதைத் தாண்டுவது இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நீங்கள் காலையில் எழுதியதில் 198, 201, 199 என்று எல்லாம் அழகாகத்தான் இருந்திருக்கும். தூங்கியவருக்கு அந்த எடை எப்படித் தெரிந்தது?

இதற்குப் பொய்ப் பதிவு என்று பெயர். வேலை நடக்கும் நேரத்திலேயே பதிவாக வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 211.100 பிரிவு சொல்கிறது. பேட்ச் ரெக்கார்டை, அதாவது ஒரு தொகுதி மாத்திரையின் தயாரிப்புப் பதிவேட்டைத் தொடும் யாருக்கும் இது முதல் நாள் பாடம். தராசு பிரிண்ட்டில் நேரம் இருக்கிறது, மெஷின் தானே பதியும் ஆடிட் டிரெயிலில் இருக்கிறது. ஆடிட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. உங்கள் அப்பா விழுங்கும் மாத்திரைக்கும் எங்கோ ஒரு டெக்னீஷியன் மூன்று மணிக்கு எடை போட்டிருக்க வேண்டும். அவர் தூங்கியிருந்தால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

இன்றிலிருந்து, கண் சொருகினால் உடனே சூப்பர்வைசரிடம் சொல்லி ஆள் மாற்றுங்கள். ஆள் இல்லையென்றால் மெஷினை நிறுத்துங்கள். செக் தவறிவிட்டதா? அந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள். அந்த நேரத்தில் செக் செய்யவில்லை என்று காரணத்தோடு எழுதி, எழுதும் நேரத்தையே போட்டுக் கையெழுத்திடுங்கள். டீவியேஷன் (முறை தவறியதற்கான அறிக்கை) போடட்டும். கடைசியாகச் சரியாக வந்த செக்குக்கும் அடுத்த செக்குக்கும் நடுவில் விழுந்த மாத்திரையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அதை என்ன செய்வது என்பதைத் தர உறுதிப் பிரிவான க்யூஏ முடிவு செய்யும்.

பழைய பேட்ச்களையும் சொல்லியே ஆக வேண்டும். பேட்ச் எண், தேதி, தோராயமான நேரம் எல்லாம் எழுதி க்யூஏவிடம் கொடுங்கள். அவர்களிடம் ஒவ்வொரு பேட்ச்சின் சாம்பிளும் இருக்கும், ஆனால் அந்த அரை மணி மாத்திரை அதில் வந்திருக்கிறதா என்று பார்க்க உங்கள் நேரக் குறிப்பு வேண்டும். நடவடிக்கை வராது என்று நான் சொல்ல மாட்டேன், வேலை போகவும் கூடும். சொல்லாமல் ராஜினாமா செய்து நழுவுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

க்யூஏவிடம் போவதற்கு முன் மனைவியிடம் சொல்லுங்கள். எரிந்து விழுவதை மட்டும் பார்க்கிறாளே தவிர, நீங்கள் எதைச் சுமக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியாது. மூன்று மணி நேரத் தூக்கத்தோடு ஓடுவதைக் கடமை என்று நினைக்கிறீர்கள். நைட் வாரத்தில் உங்கள் பகல் தூக்கம்தான் முதல் கடமை, அதைக் காப்பது வீட்டார் எல்லோருடைய பொறுப்பு. பிள்ளையை அவள் பள்ளியில் விடட்டும். அப்பாவின் ஆஸ்பத்திரி முறையை உங்கள் லீவு நாளுக்கு மாற்றிக் கேளுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் அவர் பெற்றவர்கள்தானே, முறை வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, அறையை இருட்டாக்கி, போனை வெளியே வைத்துவிட்டுக் குறைந்தது ஏழு மணி நேரம் படுங்கள். ஷிஃப்ட்டின் பின்பாதியில் காபி வேண்டாம், அது வீட்டுக்கு வந்த பிறகும் தூங்க விடாது. இரண்டு நைட் வாரம் இப்படி இருந்தும் கண் சொருகினால் பகல் ஷிஃப்ட் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வேலையை விடுவதா என்பதை அதற்கப்புறம் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.