சின்னத்திரை கேள்வி–பதில்: கோபி மேல் ஏன் பரிதாபம் வருகிறது?

'பாக்கியலட்சுமி' தொடர் 2020 ஜூலையில் விஜய் டி.வி.யில் தொடங்கி 2025 ஆகஸ்ட்டில் முடிந்தது. அதில் நாயகி பாக்யாவுக்குக் கணவன் கோபி செய்த துரோகத்தைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

மனைவியை ஏமாற்றுகிறவன் என்று தெரிந்தும், கோபி மாட்டப்போகிற காட்சி வந்தாலே 'ஐயோ, மாட்டிக்கக் கூடாதே' என்று மனசு அடித்துக்கொண்டது. எனக்குப் பாக்யாவைத்தான் பிடிக்கும். அப்புறம் ஏன் இப்படி? – வாசகி, கும்பகோணம்

ஒரு ரகசியத்தை யாரோடு சேர்ந்து சுமக்கிறோமோ, அவர் பக்கம் மனசு சாய்ந்துவிடும். கோபிக்குப் பழைய காதலி ராதிகாவோடு இருந்த உறவு பாக்யாவுக்குத் தெரியாது. கோபியின் மனைவிதான் தன்னோடு பழகும் பாக்யா என்பது ராதிகாவுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் இரண்டும் தெரிந்தவர்கள் கோபியும் வீட்டில் உட்கார்ந்து பார்த்த நீங்களும்தான். அந்த நிலையிலேயே கதை மாதக்கணக்கில் நின்றது.

இந்த மாதிரிக் கதைகளில் அடிக்கடி வரும் சாப்பாட்டு மேஜைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பமே உட்கார்ந்திருக்கும்போது செல்போன் அடிக்கிறது. முதலில் கணவனின் முகம், அடுத்து போன், அடுத்து குழம்பு ஊற்றும் மனைவியின் கை, மறுபடியும் கணவனின் முகம். நாலு ஷாட்டில் மனைவிக்குக் கிடைத்தது கை மட்டும். அடிபடப்போவது அவள், ஆனால் வியர்த்து விறுவிறுத்துப்போகிறவன் அவன் என்பதால் நமக்கும் அவனுடைய படபடப்புதான் தொற்றுகிறது. கோபியாக நடித்த சதீஷ் திருதிருவென்று முழிப்பதில் ஒரு நகைச்சுவையும் இருந்தது. சிரிக்க வைத்தவனை முழுசாக வெறுப்பது கஷ்டம்.

சந்தேகமிருந்தால் ஏதாவது ஒரு எபிசோடை சத்தத்தை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். தனியாக உட்கார்ந்து யோசிக்கிற காட்சி யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள், க்ளோஸ்-அப் யாருக்கு அதிகம், 'தொடரும்' போடும்போது உறைந்து நிற்கிற முகம் யாருடையது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே ஆளாக இருந்தால், அவர் நல்லவரோ கெட்டவரோ, அன்றைக்கு நீங்கள் அவர் பக்கம்தான்.

இதற்காக மனசு உறுத்த வேண்டியதில்லை. 'மாட்டக் கூடாதே' என்று பதறியது வேறு, அவன் செய்ததை மன்னித்தது வேறு. நாம் கோபப்பட வேண்டிய இடம் இன்னொன்று: மனைவியை மட்டம் தட்டிக் கணவனை நியாயப்படுத்தும் கதை. இங்கிலீஷ் தெரியாது, நாகரிகம் தெரியாது, எப்போதும் அடுப்படி என்று அடுக்கிவிட்டு, 'பாவம், அவனும்தான் என்ன செய்வான்' என்று முடிக்கிற கதைகள் நிறைய. 'பாக்கியலட்சுமி' அந்தக் குறைகளைக் கோபியின் வாயில் வைத்தது. அதே அடுப்படியிலிருந்து பாக்யா தொழில் கட்டி எழுந்ததைக் காட்டி அவற்றுக்குப் பதிலும் சொன்னது. அந்தத் தொடரின் பலமே அதுதான்.

ராதிகா ஏமாற்றப்பட்டவளா, குடும்பத்தைக் கெடுத்தவளா? வீட்டில் தினமும் வாக்குவாதம். – வாசகர், சேலம்

உண்மை தெரிவதற்கு முந்தைய ராதிகா, தெரிந்த பிந்தைய ராதிகா என்று பிரித்துப் பேசினால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும். முந்தையவள் கோபியின் பழைய காதலி, மகள் மயூவோடு தனியாக வாழ்பவள், அவன் சொன்னதை நம்பியவள். அவள் மேல் எந்தப் பழியும் போட முடியாது. தெரிந்த பிறகும் அவனைக் கல்யாணம் செய்துகொண்டவளிடம் கேள்வி கேட்கலாம். ஆனால் முதல் நாளிலிருந்து எல்லாம் தெரிந்திருந்தவன் கோபி ஒருவன்தான். திட்டு மட்டும் ராதிகாவுக்கே அதிகம் விழுந்தது அநியாயம்.

அதற்குத் தொடரின் அமைப்பும் காரணம். அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடக் கதை தினமும் வேண்டும். துரோகம் அம்பலமான பிறகு அந்த நிமிடங்களை நிரப்ப வீட்டுக்குள்ளேயே ஒரு எதிராளி தேவைப்பட்டாள். மாமியார் ஈஸ்வரியோடு மல்லுக்கட்டும் வேலை ராதிகாவுக்கு வந்தது. இடையில் ஜெனிஃபர் விலகி ரேஷ்மா பசுபுலேட்டி நடிக்க வந்தார். முகம் மாறினால் பழைய பாத்திரத்தோடு இருந்த ஒட்டுதலும் கொஞ்சம் விட்டுப்போகும்.

கோபிக்கு மட்டும் இரண்டாம் கல்யாணம். பாக்யாவுக்கு ஏன் இல்லை? – வாசகி, திருநெல்வேலி

நியாயமான கேள்வி. 'பாக்கியலட்சுமி'க்கு மூலக்கதை 2019இல் ஸ்டார் ஜல்ஷா சேனலில் வந்த வங்காளத் தொடர் 'ஸ்ரீமொயி'. அதில் நாயகி, ரோஹித் சென் என்பவரை மணக்கிறாள். இந்தி 'அனுபமா'விலும் நாயகிக்கு அனுஜோடு மறுமணம் நடந்தது. தமிழில் பழனிச்சாமி என்ற நல்ல மனிதரைப் பாக்யாவின் அருகில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்; அதற்கு மேல் போகவில்லை.

ரீமேக் என்றாலும் மூலக்கதை ஓரளவுக்குத்தான் கூட வரும். பிறகு ரேட்டிங்தான் வழிகாட்டி. சனி முதல் வெள்ளி வரையான வாரக் கணக்கை, டி.வி. பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு அடுத்த வியாழக்கிழமை வெளியிடும். எண் ஏறினால் அந்த ட்ராக்கை இழுப்பார்கள், இறங்கினால் திருப்புவார்கள். 'பாக்யாவுக்கு இன்னொரு ஆண் எதற்கு, தனியாக ஜெயிக்கட்டும்' என்று மனப்பூர்வமாக விரும்பிய ரசிகைகளும் இருக்கிறார்கள், அதை மதிக்கிறேன். ஆனாலும் துரோகம் செய்தவனுக்கு விதவிதமாக மனசைத் திறந்து காட்டிய கதை, ஏமாந்தவளின் ஆசையைத் தொடவே தயங்கியது எனக்குக் குறையாகத்தான் படுகிறது.

இரண்டு பக்கத்தையும் நியாயமாகச் சொன்ன தொடர்? – வாசகர், கோவை

அமெரிக்காவின் 'தி அஃபேர்' (2014–2019). ஒரே சம்பவத்தை, துரோகம் செய்கிற ஆணின் நினைவில் ஒரு தடவை, அவனோடு சேர்ந்த பெண்ணின் நினைவில் ஒரு தடவை காட்டுவார்கள். உடுத்தியிருந்த உடை, முதலில் நெருங்கியது யார் என்பதெல்லாம் மாறும். பிற்பாடு, ஏமாற்றப்பட்ட அவனுடைய மனைவிக்கும் அவளுடைய கணவனுக்கும்கூடத் தனிப் பகுதி உண்டு. பெரியவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய தொடர்.

சீரியல்களில் மனைவிக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்கி விவாகரத்து முடிக்கிறார்கள். நிஜத்தில் நடக்குமா? – வாசகி, மதுரை

கையெழுத்தோடு முடியாது. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி, குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்த இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்மதம் மோசடியாகப் பெறப்படவில்லை என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால்தான் தீர்ப்பு.

இன்னொருவரின் மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதமில்லாமல் உறவு கொள்ளும் ஆணைத் தண்டித்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு 2018 செப்டம்பர் 27இல் ரத்தானது. ஆனால் கணவனோ மனைவியோ வேறொருவரோடு உறவு கொள்வது விவாகரத்துக்கான காரணமாக இன்றும் இருக்கிறது. மனைவி உயிரோடிருக்க, விவாகரத்து ஆகாமல் இன்னொரு பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டினாலும் அது செல்லாது. ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டதாகப் பயந்தால், நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் பேசுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.