ஜெனரல் கட்டிய மண் மாளிகை

(பழைய கட்டடங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, சென்னையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளரின் பதில்கள்)

கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பெட்டலூமா என்ற ஊரில் சுடாத மண் கல்லால் கட்டிய பெரிய மாடி வீட்டைப் பார்த்தோம். வயேஹோ என்ற மெக்சிகோ ஜெனரலின் வீடாம். அமெரிக்காவில் அவருக்கு என்ன வேலை? வீடு எப்படி மழையில் கரையாமல் நிற்கிறது, ஐயா?
– வாசகி, நங்கநல்லூர்

அப்போது அது அமெரிக்காவே இல்லை, அம்மா. அமெரிக்க-மெக்சிகோ போரை முடித்த 1848 ஒப்பந்தம் வரை கலிபோர்னியா மெக்சிகோவின் வடகோடி. மரியானோ குவாடலூப்பே வயேஹோ 1807இல் அங்கேயே மான்டெரேயில் பிறந்தவர். கடலோரத்தில் ரோஸ் கோட்டையில் ரஷ்யர்கள் 1812 முதலே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மேலும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆளுநர் இவரை வடக்கே அனுப்பினார். 1835இல் சொனோமா ஊரை அமைத்தார். மெக்சிகோவிலிருந்து படைக்குச் சம்பளம் ஒழுங்காக வராது. பெரும்பாலும் இவர் கையிலிருந்துதான் போனது.

பெட்டலூமாவில் அரசு முதலில் கொடுத்தது 44,000 ஏக்கர், பிறகு அது 66,000 ஆனது. மாட்டுத்தோலும் கொழுப்பும்தான் அங்கே முக்கிய வியாபாரம். 1836இல் தொடங்கிய வீடு பத்து வருஷம் கழித்தும் முழுதாக முடியவில்லை.

இனி சுவருக்கு வருவோம். களிமண், மணல், வைக்கோல் மூன்றையும் மிதித்துக் குழைத்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்த கல். சூளையே கிடையாது. அந்தப் பக்கம் கோடையில் மழை இல்லாததால் கல் நன்றாகக் காய்ந்துவிடும். சுவர் சுமார் 3 அடி கனம். ஆனால் வீட்டைக் காப்பாற்றியது கனம் இல்லை, தாழ்வாரம். மாடியைச் சுற்றி ஓடுகிறதே அகலமான மரத் தாழ்வாரம், அதற்கு மேலே நீண்டிறங்கும் கூரை, இவை இரண்டும்தான் சாரலைச் சுவரில் படவிடாமல் தள்ளுகின்றன. செங்கல்பட்டுப் பக்கம் மண்சுவர் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கூரை சரிந்தால் அப்புறம் இரண்டு ஐப்பசி போதும். பெட்டலூமாவிலும் கவனிப்பில்லாமல் பாதி போய்விட்டது. முதலில் நடுவில் முற்றம் விட்டு நான்கு பக்கமும் கட்டிய வீடு அது. நீங்கள் பார்த்தது மிச்சப் பாதி.

‘ஜெனரல் கட்டினார்’ என்பதை மட்டும் நான் அப்படியே விடமாட்டேன். மண் மிதித்தது, கல் வார்த்தது, மாடு உரித்தது எல்லாம் அந்த மண்ணின் பழங்குடிகள், நூற்றுக்கணக்கில். சுயிசூன் என்ற பழங்குடியின் தலைவர் சொலானோவை ஜெனரல் கூட்டாளியாக்கிக்கொண்டதும் அந்த ஆள்பலத்துக்கு ஒரு காரணம். 1837-38இல் பெரியம்மை வந்து அவர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது.

இவ்வளவு நிலம் வைத்திருந்தவரின் வாரிசுகள் இப்போதும் பெரும் பணக்காரர்களா?
– வாசகர், குரோம்பேட்டை

வாரிசு வரை ஏன் போகிறீர்கள், அவர் காலத்திலேயே நிலம் கரைந்துவிட்டது. 1846 ஜூன் 14 விடியற்காலையில், மெக்சிகோ ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய அமெரிக்கக் குடியேறிகள் சொனோமாவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கைது செய்தார்கள். இத்தனைக்கும் கலிபோர்னியா அமெரிக்காவோடு சேர்வது நல்லது என்று நினைத்த மனிதர்! சட்டர் கோட்டையில் அடைபட்டு, உடம்பு கெட்டு, ஆகஸ்டில்தான் வெளியே வந்தார். அப்புறம் 1849இல் கலிபோர்னியாவின் அரசியல் சாசனம் எழுதும் சபையில் உறுப்பினர், மாநில செனட்டர்.

பதவி கிடைத்தது, பத்திரம் நிற்கவில்லை. 1851 சட்டப்படி மெக்சிகோ காலத்து நில உரிமைகளை ஒவ்வொருவரும் புதிதாக நிரூபிக்க வேண்டும். வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், வக்கீல் செலவு தனி. சோஸ்கோல் என்ற பெரும் நிலம் செல்லாது என்று 1862இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பெட்டலூமா வீட்டை அதற்கு முன்பே, 1857இல் 25,000 டாலருக்கு விற்றிருந்தார். 1890இல் இறந்தபோது கையில் சொனோமாவில் 228 ஏக்கர்தான்.

அந்த 228 ஏக்கரில் இருக்கும் லாக்ரிமா மான்டிஸ் வீட்டையும் நங்கநல்லூர் அம்மா அடுத்த பயணத்தில் பார்க்கலாம், பக்கத்து ஊர்தான். வெளியே அமெரிக்க பாணி மரவீடு. ஆனால் மரச்சுவர்களுக்கு உள்ளே மண் கல்லை அடுக்கியிருக்கிறார், குளிரும் வெயிலும் உள்ளே வராதிருக்க. பொறியாளனாகச் சொல்கிறேன், சரியான வேலை.