கவரிங் தோடு ஒத்துக்கொள்ளாதவருக்கு உலோக மூட்டு வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு ஆறு வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கவரிங் தோடு போட்டால் அவருக்குக் காது புண்ணாகிவிடும். கைக்கடிகாரம் பட்ட இடம் சிவந்து அரிக்கும். உடம்புக்குள் வைக்கிற உலோகம் மட்டும் எப்படிச் சேரும் என்று பயப்படுகிறார். ஒவ்வாமை வராத மூட்டு ஒன்று இருக்கிறதாம், சில ஆயிரம் ரிங்கிட் கூடுதலாம். அதையே போட்டுவிடலாமா? செந்தூலில் இருக்கும் என் சித்திக்கு மூட்டு மாற்றி எட்டு மாதமாகியும் வலியும் வீக்கமும் குறையவில்லை. உலோகம் சேரவில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். - ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தேதியை மாற்ற வேண்டாம். ஆனால் தோட்டையும் கடிகாரத்தையும் பற்றி அறுவை மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அறுவைக்கு முந்தைய நாள் வார்டில் தாதி கேட்கும்போது சொன்னால், வேறு வகை மூட்டு தேவைப்பட்டாலும் வரவழைக்க நேரம் இருக்காது.

அம்மாவுக்கு இருப்பது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. பத்துப் பேரில் ஒருவருக்காவது இது உண்டு, பெண்களிடம் இன்னும் அதிகம். காது குத்திய நாளிலிருந்தே மலிவான உலோகம் தோலுக்குள் உரசிக்கொண்டிருப்பது ஒரு காரணம். புளிக்குழம்பு பட்ட பித்தளை போல, நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை பட்டதும் கவரிங் நகையிலிருந்து நிக்கல் கரைந்து வெளிவரும். ரவிக்கை ஊக்கு, ஜீன்ஸ் பொத்தான், கடிகாரத்தின் பின்மூடி எல்லாவற்றிலும் இதே கதைதான். இந்த ஒவ்வாமை இறால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் வீங்குவதைப் போன்றது அல்ல. ஒன்றிரண்டு நாள் கழித்து மெதுவாகக் கிளம்பும், மூச்சை அடைக்காது.

இனி மூட்டு. தொடை எலும்பின் முனையில் மாட்டும் தொப்பி பெரும்பாலும் கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் கலந்த உலோகம். கோபால்ட் 60 சதவீதத்துக்கு மேல், குரோமியம் 28 சதவீதம் அளவில் இருக்கும். நிக்கல் ஒரு சதவீதத்துக்கும் கீழே, துளியாகத்தான் இருக்கும். கீழ்க்கால் எலும்பின் மேல் வைக்கும் தட்டு பல வகைகளில் டைட்டானியக் கலவையால் ஆனது. இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் இருப்பதால் உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசுவதில்லை. குரோமியம் தன் மேலேயே மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக்கொள்வதால் கலவை எளிதில் கரைவதும் இல்லை.

இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'உலோக மூட்டால் உடம்பில் விஷம்' என்று வரும் செய்திகளில் பல, முழங்காலைப் பற்றியவை அல்ல. உலோகக் கிண்ணத்துக்குள் உலோகப் பந்து சுழலும் ஒருவகை இடுப்பு மூட்டைப் பற்றியவை. டிபியூ நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டை 2010-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றதும் அந்தப் பிரச்சினையால்தான். அம்மாவின் முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தோலில் ஒவ்வாமை இருந்தால் மூட்டிலும் வந்தே தீரும் என்பதும் இல்லை. தோலில் அந்நியப் பொருளைக் கண்டதும் அலாரம் அடிப்பதற்கென்றே செல்கள் வரிசைகட்டி நிற்கின்றன. எலும்புக்கும் மூட்டுக்கும் அந்த ஏற்பாடு அப்படியே கிடையாது. நிக்கல் ஒவ்வாமை உள்ள எத்தனையோ பெண்கள் சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டோடு மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் நடந்து போய் வருகிறார்கள். ஆகவே மூட்டு மாற்றும் எல்லோருக்கும் ஒவ்வாமைப் பரிசோதனை தேவையில்லை. அம்மாவைப் போல, பட்ட இடமெல்லாம் புண்ணாகும் என்று தெளிவாகச் சொல்கிறவர்களுக்கு மட்டும் செய்து பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

அதன் பெயர் பேட்ச் டெஸ்ட். நிக்கல், கோபால்ட், குரோமியம் போன்றவற்றைத் தனித்தனிச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். உலோகங்கள் தாமதமாகக் காட்டிக்கொடுக்கும் என்பதால் ஏழாம் நாளும் வரச் சொல்லலாம். ஒட்டியிருக்கும்போது முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. பினாங்கு வெயிலில் இது லேசான காரியமில்லை. விசேஷம் எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்து, மின்விசிறியை விட்டு நகராமல் இருக்கச் சொல்லுங்கள். ஜிஎச் (அரசு பொது மருத்துவமனை) தோல் பிரிவுக்கு எலும்பு மருத்துவரிடமே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். முன்பதிவுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம்.

டெஸ்டுக்கு முன் அம்மாவிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: மூட்டுவலிக்கு ஜாமு, மாஜூன், பெயர் தெரியாத மூலிகை மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? 'மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது' என்று சொல்லி விற்கப்படும் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்து, சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு உள்ளே இருந்தால் பேட்ச் டெஸ்ட் பொய் சொல்லும். அது மட்டுமா, சர்க்கரை ஏறும், காயம் ஆறத் தாமதமாகும். பல நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பாட்டிலையே கையில் கொண்டுபோய் மருத்துவரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று மறைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பயம்.

சரி, கூடுதல் விலை மூட்டு. ஆக்சினியம் என்பது சிர்க்கோனியமும் நையோபியமும் கலந்த உலோகத்தைச் சூடாக்கி, மேற்பரப்பைப் பீங்கான் போல மாற்றியது. நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். இன்னொரு வகையில் வழக்கமான கோபால்ட்-குரோமியத்தின் மேல் டைட்டானியம் நைட்ரைடு பூசியிருப்பார்கள். பொன்னிறத்தில் மின்னும், ஆனால் தங்கம் இல்லை! கீழே இருப்பது பழைய உலோகம்தான். டெஸ்டில் நிக்கலோ கோபால்ட்டோ பளிச்சென்று காட்டினால், பணமும் தோதாக இருந்தால், இவற்றில் ஒன்றைப் போடுவதில் தவறில்லை. அம்மாவின் மனக்கலக்கம் தீர்வதும் ஒரு லாபம்தான். ஆனால் இது அதிக நாள் உழைக்கும், வலியே வராது என்று யாராவது சொன்னால் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. டெஸ்டில் ஒன்றும் இல்லை என்றாலோ, அதற்காகக் கடன் வாங்க வேண்டியிருந்தாலோ, வேண்டாம். அந்தக் கவனத்தை அம்மாவின் சர்க்கரை மேல் வையுங்கள். நம் இந்தியச் சமூகத்தில்தான் நீரிழிவு அதிகம். கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பல அறுவை மருத்துவர்கள் முதலில் அதைக் குறைக்கச் சொல்வார்கள்.

அறுவைக் காயத்தை மூடத் தோலில் அடிக்கும் ஸ்டேப்பிள் ஊசிகள் துருப்பிடிக்காத எஃகு, அதில் நிக்கல் பத்து சதவீதத்துக்கு மேல் உண்டு. நூல் தையல் போடச் சொல்லிக் கேட்கலாம், அதற்குக் கூடுதல் செலவு பெரிதாக இராது. ஸ்டிக்கர் பொட்டு வைத்தால் நெற்றி அரிக்கும் என்றால் அது உலோகம் அல்ல, பசை. பிளாஸ்திரி ஒட்டியோ காயத்துக்குப் பூசும் பசையாலோ முன்பு தோல் வெந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் காயத்தைச் சுற்றிக் கிளம்பும் தடிப்பு பல நேரங்களில் இவற்றின் வேலை, அல்லது கோடாலித் தைலத்தின் வேலை.

சித்தி விஷயம்தான் எனக்கு அவசரமாகப் படுகிறது. முழங்கால் மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் வரை ஏதோ ஒரு குறை சொல்வது உலகெங்கும் உள்ளதுதான். ஆனால் எட்டு மாதம் கழித்தும் வீக்கம் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிருமித் தொற்று. காய்ச்சல், சீழ் எதுவுமில்லாமல் கிருமி மூட்டுக்குள் மெதுவாகக் குடியிருக்கும். அடுத்து, மூட்டு ஆட்டம் கண்டிருக்கிறதா, கோணம் சரியாக இருக்கிறதா, இடுப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ வலி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உலோக ஒவ்வாமை இத்தனையும் இல்லை என்றான பிறகு கடைசியில் வருவது. அதை உறுதிப்படுத்த ஒற்றைப் பரிசோதனை எதுவும் கிடையாது. பேட்ச் டெஸ்டில் நிக்கல் தெரிந்தாலும் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. உலோகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் கிருமி எலும்பைத் தின்றுகொண்டே இருக்கும்.

அறுவை செய்த மருத்துவரிடமே இந்த வாரம் அழைத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் கடிதத்தையும், மூட்டின் வகையும் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டிய தாள் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயோடு, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளும், மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரும் செய்ய வேண்டி வரலாம். அதற்குள் பக்கத்துக் கிளினிக்கில் யாராவது ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், சித்திக்குக் கடும் காய்ச்சல் இல்லாதவரை, நீர் எடுக்கும் முன் அதைத் தொடங்க வேண்டாம். மருந்து உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகலாம்.