டாஸ் என்று தட்டினால் எஸ்என் எரர்: வட்டில் கோளாறு இல்லை

டாண்டி கலர் கம்ப்யூட்டர் 2 என்ற பழைய வீட்டுக் கணினியில் ஓஎஸ்-9 (யூனிக்ஸ் பாணி இயங்குதளம்) வட்டைப் போட்டு டாஸ் என்று தட்டினால் எஸ்என் எரர் வருகிறது, வட்டு கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். வட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் நண்பரே!

கணினியைப் போட்டதும் திரையில் வரும் முதல் வரியைப் பாருங்கள். வட்டுகளைக் கையாளும் பேசிக் மொழியான டிஸ்க் பேசிக் 1.0 என்று இருந்தால் காரணம் அதுதான். டாஸ் கட்டளை 1.1-இல்தான் வந்தது. அது வட்டின் 34ஆம் தடத்தை நினைவகத்தில் ஏற்றி, முதல் இரண்டு எழுத்துகள் ஓ, எஸ் தானா என்று பார்த்து, பிறகு ஓஎஸ்-9-இடம் பொறுப்பை விடும். 1.0-க்கு அந்தச் சொல்லே புரியாது, அதனால் எஸ்என் எரர், அதாவது இலக்கணப் பிழை, என்கிறது.

டிஸ்க் கன்ட்ரோலர் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் 8 கேபி ராமை (ரேம் இல்லை, ஆர்-ஓ-எம்; டிஸ்க் பேசிக் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் சில்லு) 1.1-க்கு மாற்றுங்கள். 24 கால் கொண்ட 68766 ஈப்ராம் (அழித்து மீண்டும் எழுதக்கூடிய ராம்) அப்படியே பொருந்தும். மின்சாரத்தை அணைக்காமல் கார்ட்ரிட்ஜை மட்டும் உருவாதீர்கள். அப்புறம், 64 கேபி நினைவகம் கட்டாயம் வேண்டும்.

இந்தச் சிரமம் தகும். யூனிக்ஸ் உரிமத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்ட 1983-இல் ஓஎஸ்-9 70 டாலருக்குள் கிடைத்தது. அடைவுக்குள் அடைவு, ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் குழாய் இணைப்பு, ஒரே நேரத்தில் பல வேலை, எல்லாம் 6809 சில்லில்! கட்டளைக்குப் பின்னால் & போட்டு, ஓடும் வேலைகளைக் காட்டும் புரோக்ஸ் கட்டளையைத் தட்டிப் பாருங்கள். இரண்டு வேலையும் பட்டியலில் நிற்கும்.