சாண்ட்விச் ஹார்பருக்கு முதுகுவலி அம்மாவோட போகலாமா?

அம்மாவுக்கு முதுகுவலி, வாடகை ஃபோர் வீல் டிரைவ் வண்டிய நாமளே ஓட்டிட்டு நமீபியாவுல வால்விஸ் பே ஊர்ல இருந்து சாண்ட்விச் ஹார்பர் கடற்கரைக்குப் போய்ட்டு வந்துடலாமான்னு கேட்டிருக்கீங்க. சொந்தமா ஓட்டுறது வேண்டாங்க, ஒரு பக்கம் மணல்மேடு இன்னொரு பக்கம் அட்லாண்டிக், கடல் ஏறிடுச்சுன்னா நடுவுல வண்டி போக தடமே இருக்காது, அதான் கைடுங்க அலை இறங்குற நேரம் பார்த்து கிளம்புவாங்க, மணல்ல புதையாம இருக்க டயர் காத்தையும் குறைச்சுப்பாங்க. சுமார் 50 கிலோமீட்டர்தான், உப்பளம் தாண்டுற வரைக்கும் பிரச்சனை இல்ல, மணல்மேட்டுல ஏத்தி செங்குத்தா இறக்குறாங்க பாருங்க, அங்கதான் முதுகு காலி. அம்மா பேசாம வால்விஸ் பேலயே லகூன் (காயல்) ஓரமா உக்காந்து ஃபிளமிங்கோ பறவைங்கள பாக்கட்டும், நீங்க மட்டும் போங்க. பாலைவனம்தானேன்னு ஸ்வெட்டர் இல்லாம வந்துடாதீங்க, காலைல மூடுபனி, கடல்காத்து ரெண்டும் செம குளிர்.