அப்பா ஏன் தாழ்ப்பாள் போடவில்லை? கதைமாந்தர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: நாயகனின் வயது, படிப்பு, பிடித்த நிறம் என்று நான்கு பக்கம் குறிப்பெழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் கதையில் பொம்மை மாதிரி நிற்கிறான். ஏன் அக்கா?

பதில்: அவனுக்கு என்ன வேண்டும், அதை வாய்விட்டுக் கேட்க விடாமல் எது தடுக்கிறது என்பது அந்த நான்கு பக்கத்தில் இருக்கிறதா, பாருங்கள். ஓர் அப்பாவை எடுத்துக்கொள்வோம். ‘கண்டிப்பானவர்’ என்று எழுதினால் வாசகர் படித்த கையோடு மறந்துவிடுவார். தினமும் ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் படுப்பார். மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அன்று, சாப்பிடும்போது அவன் பெயரைக்கூட அவர் எடுக்கவில்லை. விளக்கை அணைத்தார். தாழ்ப்பாள் மேல் கை வைத்தார். கையை எடுத்துவிட்டார். வந்து படுத்துக்கொண்டார். பாசம் என்ற சொல்லே இனி வேண்டாம், எழுதினால் காட்சி கெட்டுவிடும். ஆனால் அந்த இரண்டு முறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் கதையின் தொடக்கத்திலேயே, போகிற போக்கில் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த ராத்திரிக்கு அர்த்தமே இல்லை.

கேள்வி: எல்லாப் பாத்திரங்களையும் இப்படி எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். கடிதம் கொண்டுவருபவர் கொடுத்துவிட்டுப் போகட்டும். 1927-இல் ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் பாத்திரங்களை, ஒரே குணத்தில் அடங்கிவிடும் தட்டையானவை, பல முகங்கள் கொண்ட முழுமையானவை என்று பிரித்தபோது, தட்டையானவற்றை ஒதுக்கிவிடவில்லை. நாவலுக்கு அவையும் தேவை என்றுதான் சொன்னார். முழுமையான பாத்திரத்துக்கு அவர் வைத்த சோதனை, அது நம்பும்படியாக நம்மை வியக்க வைக்கிறதா என்பது. வியக்க வைப்பது சுலபம், நம்ப வைப்பதில்தான் உழைப்பே இருக்கிறது.

கேள்வி: என் வில்லன் கெட்டவனாக மட்டுமே தெரிகிறான்.

பதில்: அவன் செய்யும் மிக மோசமான காரியத்தை, ‘நான்’ என்று அவனே சொல்வது போல ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கதையில் சேர்க்க வேண்டாம். அவன் பக்க நியாயம் உங்களுக்குப் பிடிபட்டால் போதும்.

கேள்வி: எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்களே?

பதில்: பெயர்களை மறைத்துவிட்டு உரக்கப் படியுங்கள், எங்கே இரண்டு பேர் குரல் ஒன்றாக ஒட்டுகிறது என்று காதே சொல்லிவிடும். ‘எங்கே போயிருந்தாய்?’ என்று கேட்டால் ஒருத்தி போன இடம், திரும்பிய நேரம் எல்லாம் ஒப்பிப்பாள். இன்னொருத்தி, ‘ஏன், தேடினாயா?’ என்பாள். மூன்றாமவள் பதிலே சொல்லாமல், மடித்து வைத்த துணியை உதறி மறுபடி மடிப்பாள். வட்டார வழக்கை மாற்றினால் மட்டும் ஆள் மாறிவிடாது.

கேள்வி: தெரிந்த ஒருவரை அப்படியே கதையில் வைக்கலாமா?

பதில்: நான் ஒருமுறை வைத்தேன். நெருங்கிய சொந்தம். அவர் பொய் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை, கதை பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் அவருடைய நடையையும் சிரிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு, வேறொருவரின் பயத்தை அவருக்குக் கொடுத்தேன். அடுத்த பத்தியிலேயே பொய் சொல்லிவிட்டார்.