நெல்லையில் மறைந்து கோவில்பட்டியில் முளைக்கும்

கேள்வி: கூடங்குளம் உலையிலிருந்து கிளம்பும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் வழியிலேயே சிதைந்து வேறு வகை ஆகிவிடுகின்றனவாமே? சிதைவு என்றால் கதிரியக்கம்தானே? இதை ஏன் மறைக்கிறார்கள்?
- வாசகர், வள்ளியூர்

பதில்: யாரும் மறைக்கவில்லை, அண்ணாச்சி. நீங்கள்தான் இரண்டு சங்கதிகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள்.

சிதைவு நடப்பது உலைக்குள். யுரேனியம் பிளந்து விழும் துண்டுகள் பீட்டா சிதைவு (அணுக்கரு எலெக்ட்ரானை உமிழ்வது) அடையும்போது, ஒரு பிளவுக்குச் சராசரியாக 6 எதிர்நியூட்ரினோக்கள் (நியூட்ரினோவின் எதிர்த்துகள்கள்) பிறக்கின்றன. நியூட்ரினோவில் எலெக்ட்ரான், மியூவான், டௌ என்று மூன்று வகை; இவை அத்தனையும் எலெக்ட்ரான் வகை. எந்த வகையாகப் பிறப்பது என்று முடிவு செய்ததோடு சிதைவின் வேலை தீர்ந்தது.

அப்புறம் நடப்பது அலைவு. எலெக்ட்ரான் வகை என்பதே வெவ்வேறு நிறையுள்ள மூன்று நிலைகளின் கலவை. போகப்போக அந்த மூன்றின் அலைகளும் முன்பின்னாகி, கலவை மாறி, மியூவான் வகையாகவும் டௌ வகையாகவும் தெரியும். இன்னும் தள்ளிப் போனால் பழைய கலவை திரும்பும். சிதைந்தது திரும்பாது.

நம்ம ஊர்க் கணக்கையே பாருங்கள். கூடங்குளத்திலிருந்து திருநெல்வேலி நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். 3.6 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுள்ளவை இங்கே வரும்போது ஏழில் ஒரு பங்குதான் எலெக்ட்ரான் வகையாக இருக்கும். அதே கூட்டம் 110 கிலோமீட்டர் தாண்டி கோவில்பட்டியை எட்டும்போது பத்தில் ஒன்பது பங்கு மறுபடி எலெக்ட்ரான் வகை! வெறும் சிதைவு என்றால் கோவில்பட்டியில் நெல்லையைவிடக் குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? ஜப்பானின் காம்லாண்ட் என்னும் நியூட்ரினோ உணர்கருவி, சராசரியாக 180 கிலோமீட்டர் தள்ளியிருந்த உலைகளை வைத்து இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து 2008-ல் வெளியிட்டுவிட்டது.

நியூட்ரினோவே சிதையுமா என்றால், சரி, அது நல்ல கேள்வி. சூரியனிலிருந்து வரவேண்டிய அளவு வரவில்லை என்று திணறிய காலத்தில், 1972-லேயே பாக்கால் முதலான இயற்பியலாளர்கள் அதைக் கிளப்பினார்கள். அப்படிச் சிதைந்தால் அலைவின் வீச்சு தூரத்தோடு தேயும். கோவில்பட்டியில் திரும்புவது அரைகுறையாகத் திரும்பும். இதுவரை அதற்குச் சான்று இல்லை. வெடிப்பு 1987-ல் நம் கண்ணுக்குத் தெரிந்த விண்மீனிலிருந்து 1.6 லட்சம் ஆண்டு பயணம் செய்தவைகூட வந்து சேர்ந்தன.

ஆபத்து? உங்கள் கட்டைவிரல் நகத்தை விநாடிக்கு 6,000 கோடிக்கு மேல் சூரிய நியூட்ரினோக்கள் எந்தக் கேடும் செய்யாமல் துளைத்துப் போகின்றன, ராத்திரியிலும்தான். உலையைப் பற்றிக் கேட்பதென்றால் எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே, எத்தனை காலம் வைப்பார்கள் என்று கேளுங்கள். அதற்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.